காசிக்காரம்மா பையன்

என் மூஞ்சியைப் பார்த்து ஏமாறாத ஆள் கோயமுத்தூர் ஜில்லாவில் கிடையாது. போன மாசம்கூட அவினாசி ரோட்டில் நடந்த ஒரு பொருட்காட்சியில், என் கிரைண்டர் கடைக்கு முன்னால் ஒரு புருஷனும் பொண்டாட்டியும் வந்து நின்றார்கள். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் புருஷன் காதில், "சைனாக்காரங்களே நேரா வந்துட்டாங்க பாருங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. நான் எழுந்து கும்பிட்டேன். "ஏனுங்கம்மணி, ரெண்டு லிட்டருங்களா, மூணு லிட்டருங்களா? கல்லு நம்மூர்க் கல்லுங்க. அரிசி நனைச்சுக் கொண்டாந்திருந்தா இப்பவே ஆட்டிக் காட்டிப்போடுவேன்" என்றேன். அந்தம்மா திறந்த வாயை மூடக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் நான் பில் போட்டுவிட்டேன்.

கிரைண்டர் வருகிற அட்டைப்பெட்டியின் மேல் நடிகை படம் போடலாம் என்று ஏஜெண்ட் ஒருத்தன் சொன்னான். அவனை அனுப்பிவிட்டு என் படத்தையே போட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், லாரிக்கு க்ளீனராகப் போனவன், பட்டறையில் கல் கொத்தினவன், இன்றைக்கு இரண்டு ஷெட்டும் நாற்பது பேருக்கு வேலையுமாக இருக்கிறேன் என்றால், அதில் பாதி இந்தச் சின்னக் கண்ணும் சப்பை மூக்கும் சம்பாதித்தது. மீதிப் பாதி என் புத்தி. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன், யாரும் குறைத்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் இந்த மூஞ்சியைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிட்டு ஓடிவிட முடியாதா என்று நான் தவித்த காலமும் உண்டு. அது தொண்ணூறாம் வருஷ வாக்கு. எனக்குப் பன்னிரண்டு வயசு.

அப்பா லாரி டிரைவர். பொள்ளாச்சியில் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர ஒரு மாசமும் ஆகும், இரண்டு மாசமும் ஆகும். நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு தரம் குவாஹாத்தி வரைக்கும் போனவர், வண்டி பழுதாகி நாலு மாசம் அந்தப் பக்கமே கிடந்தார். திரும்பி வரும்போது முன்சீட்டில் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு வந்தார். அம்மா அங்கே மேகாலயாவில் மலைக்காரி. அந்த மலைக்குக் காசி மலை என்று பேர். அங்கே இருக்கிற சனத்துக்கும் அதே பேர். அப்பா ஊரில் வந்து இறங்கினதும் "காசிப் பொண்ணுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஊர் அதைக் கங்கைக்கரைக் காசி என்று எடுத்துக்கொண்டது. லோடை இறக்கிவிட்டு அடுத்த லோடுக்குப் போகிறவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிற பழக்கம் இல்லை. அப்படியே விட்டுவிட்டார்.

அன்றைக்கு அம்மா காசிக்காரம்மா ஆனவள்தான். யார் வீட்டிலாவது பெரியவர்கள் இழுத்துக்கொண்டு கிடந்தால், "ஒரு சொட்டு கங்கைத் தண்ணி இருக்குங்களா?" என்று கேட்டு எங்கள் வீட்டுக்கு ஆள் வரும். அம்மாவுக்குத் தண்ணி என்கிற சொல் மட்டும் புரியும். சொம்பு நிறையக் குழாய்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்தனுப்புவாள். அதைக் குடித்து இரண்டு பேர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்ததாக ஊரில் பேச்சு.

அம்மா தமிழ் கற்றுக்கொண்டது ஊரிடம். அப்பா அவளிடம் லாரிக்காரர்கள் பேசுகிற ஒரு ஓட்டை இந்தியில்தான் பேசுவார். ஆகவே ஊர் அவளிடம் எப்படிப் பேசியதோ அதுதான் அவளுக்குத் தமிழ். ஊர் அவளிடம் "வாங்க", "போங்க", "உக்காருங்க" என்று பேசியது. "வா"வும் "நீ"யும் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. என்னையும் "வாங்க கண்ணு, சாப்டுங்க" என்பாள். அது எங்கள் பக்கத்தில் குழந்தைகளைக் கொஞ்சுகிற பேச்சுத்தான், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் முறத்து அரிசியைக் கொத்த வருகிற காக்காயையும் "போங்க, போங்க" என்று விரட்டுவாள். தெருநாய் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடினால், "ஏனுங்க, குடுத்துட்டுப் போங்க" என்று பின்னால் ஓடுவாள். தெருவே சிரிக்கும்.

ஆனைமலை போகிற ரோட்டில் ஒரு தேங்காய்க் களம் இருந்தது. தேங்காயை உடைத்து வெயிலில் காயப்போட்டுக் கொப்பரை எடுக்கிற இடம். அம்மா அங்கே வேலைக்குப் போனாள். சொந்தக்காரரின் சம்சாரம்தான் களத்தைப் பார்த்துக்கொள்வார். களத்தம்மா என்று சொல்வோம். வேலை செய்கிற பொம்பளைகளை எல்லாம் அவர், "ஏ புள்ளே, இங்க வா", "என்ன புள்ளே, பொழுது உச்சிக்கு வந்தப்பறம் வாரே?" என்றுதான் அதட்டுவார். அம்மாவை மட்டும், "ஏனுங்க காசிக்காரம்மா, சித்த இங்க வாங்க" என்பார். மத்தியானம் மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தர் குழம்பை ஒருத்தர் மாற்றிக்கொண்டு சாப்பிடுவார்கள். அம்மா வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருப்பாள். "அவங்க காசிக்காரங்க, நம்ம குழம்பெல்லாம் அவங்களுக்கு ஆகாதுங்க" என்பார்கள். இருபது பேரில் என் அம்மாவுக்கு மட்டும் இத்தனை மரியாதையா என்று எனக்கு நெஞ்சு நிமிரும். பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பீற்றிக்கொள்வேன்.

எப்போதாவது யாராவது பக்குவமாக, "நீங்க என்ன ஆளுங்க?" என்று அம்மாவிடம் கேட்டுப்பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் என்ன ஆள் என்று கேட்டால் என்ன ஜாதி என்று அர்த்தம். அம்மா, "பொம்பளை ஆளுங்க" என்பாள். களத்தில் கூலிக்கு ஆம்பளை ஆள், பொம்பளை ஆள் என்றுதான் பிரிப்பார்கள். கேட்டவர்கள் இன்னும் இரண்டு "ங்க" போட்டுப் பேசிவிட்டு எழுந்து போவார்கள்.

எனக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நான் கூர்க்கா. "கண்ணை முழிச்சுப் பார்றா, தூங்கறியா?" என்று வாத்தியார் கரும்பலகையைத் தட்டுவார், நான் முழித்துத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பஸ்ஸில் கண்டக்டர், "கிதர் ஜானா ஹை?" என்று இந்தியில் கேட்பார். "ஆனைமலைக்கு ஒண்ணு குடுங்க" என்று நான் சொன்னால், "அட, தமிழு பேசறான்யா!" என்று பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். ஒரே கண்டக்டர். தினமும் அதே ஆச்சரியம்.

களத்துக்குப் பின்னால் கிணறும் மோட்டார் ரூமும் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. களத்தம்மா அங்கேதான் குளிப்பார். மோட்டார் ரூம் சுவரில் ஒரு கண்ணாடி தொங்கும். எங்கள் வீட்டுக் கண்ணாடியை அப்பா சவரம் பண்ணுவதற்கு லாரியிலேயே வைத்திருப்பார். அதனால் பள்ளிக்கூடம் விட்டு அம்மாவைப் பார்க்க வருகிற சாக்கில் நான் யாருக்கும் தெரியாமல் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பேன். களத்தம்மாவின் வாசனைச் சோப்பை எடுத்து முகம் கழுவுவேன். பிறகு இரண்டு விரலால் இமையை மேலும் கீழுமாக இழுத்துப் பிடித்து ஐம்பது வரைக்கும் எண்ணுவேன். தினமும் செய்தால் கண் பெரிதாகிவிடும் என்று நானாகக் கண்டுபிடித்த வைத்தியம். முடிந்ததும் ஈரச் சோப்பை டப்பாவில் போட்டு, மூடி மூடுகிற அளவுக்கு நன்றாக அமுக்கிவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை களத்தம்மாவின் மூக்குத்தி காணாமல் போனது.

திருகு தளர்ந்திருந்ததால் குளிக்கிறபோது கழற்றி வைத்திருக்கிறார். திரும்ப மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார். பொழுது சாய்ந்த பிறகுதான் மூக்கைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். தொட்டிக் கல் மேல் வைத்தாரா, சன்னலில் வைத்தாரா, நினைவில்லை. அவர் அம்மா சாகும்போது கழற்றிக் கொடுத்த மூக்குத்தி அது. தொட்டித் தண்ணீரை இறைத்துப் பார்த்தார்கள். மோட்டார் ரூமைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்தார்கள். சோப்பு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தார்களாம். இல்லை.

அப்போதுதான் களத்துக் காவல்காரர் வாயைத் திறந்தார். அவருக்கு ஒரு கண்ணில் புரை. "ஒரு கூர்க்காப் பையன் தொட்டிப் பக்கம் போனானுங்க. தூரத்துல பாத்தனுங்க" என்றார். எனக்குத் தினமும் தேங்காய்ப்பூ எடுத்து வைத்திருந்து கொடுக்கிறவர் அவர்தான். பக்கத்தில் நான் அவருக்குக் காசிக்காரம்மா பையன். தூரத்தில் கூர்க்காப் பையன் ஆகிவிட்டேன்.

களத்தம்மா அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். "காசிக்காரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களச் சொல்லலீங்க. உங்க பையனையும் சொல்லலீங்க. தொட்டிப் பக்கம் அவங்க வந்தாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லிப்போடுங்க."

என்னை "அவங்க" என்றார். என்றைக்கும் என்னை "டேய்" என்று கூப்பிடுகிறவர்.

அம்மா என்னைப் பார்த்து, "நீங்க போனீங்களா கண்ணு?" என்று கேட்டாள்.

போனேன் என்றால் எதற்குப் போனாய் என்று அடுத்த கேள்வி வரும். கண்ணைப் பெரிசாக்கப் போனேன் என்று அந்த இருபது பொம்பளைகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"இல்லை" என்றேன்.

"இல்லீங்க. போகலீங்க" என்று அம்மா களத்தம்மாவிடம் திருப்பிச் சொன்னாள். என் பொய் அவள் வாயில் "ங்க" சேர்த்துப் போனது.

"செரிங்க. அப்ப மாசாணியம்மன் பாத்துக்கட்டும்" என்றார் களத்தம்மா.

எங்கள் பக்கத்தில் பொருளைப் பறிகொடுத்தவர்கள் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் மிளகாய் அரைத்து அங்கே இருக்கிற கல்லில் பூசுவார்கள். பூசினால் எடுத்தவன் உடம்பு எரியும், மூன்று மாசத்துக்குள் பொருள் வந்து சேரும் என்று நம்பிக்கை. பொருள் கிடைத்துவிட்டால் அரைத்தவரே போய் எண்ணெய் ஊற்றி அம்மனைக் குளிரவைக்க வேண்டும். களத்தம்மா ஒரு படி மேலே போனார். "எல்லாரும் வாங்க. ஆளுக்கு ஒரு இழுப்பு அரைச்சுப்போடுங்க. கை சுத்தமா இருந்தா என்ன பயம்?" என்று சொல்லிவிட்டார். நானும் வர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. "உங்க பையனையும் கூட்டிட்டு வந்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க" என்றார்.

கோயிலுக்குப் போகிற அமாவாசைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மூக்குத்தியை நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். என் பயம் வேறே. அம்மன் ஆளை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கும்? களத்தம்மா என்ன அடையாளம் சொல்வார்? கூர்க்காப் பையன் என்றுதானே சொல்வார்? தினமும் தேங்காய்ப்பூ கொடுக்கிற காவல்காரருக்கே என்னைத் தெரியவில்லை. வாத்தியாருக்குத் தெரியவில்லை, கண்டக்டருக்குத் தெரியவில்லை. மாசாணியம்மனோ மல்லாந்து படுத்திருக்கிற சாமி. படுத்த வாக்கில் இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு மூஞ்சி எங்கே இருக்கிறது என்று தேடினால், நான் ஒருத்தன்தானே அகப்படுவேன்?

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். எல்லாருக்கும் முன்னால் நானே அம்மனிடம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்துவிடுவது.

அமாவாசையன்று எல்லாரும் டிராக்டர் டிரெய்லரில் ஏறிப் போனோம். கோயிலில் கூட்டமான கூட்டம். ஆட்டுரலுக்கு முன்னாலும் அம்மிக்கு முன்னாலும் வரிசை. காற்றே கமறியது. முதலில் களத்தம்மா அரைத்தார். "தாயே, உன்ர கண்ணுக்குத் தெரியாதது இல்ல. நீதான் கேக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே அரைத்தார். ஒவ்வொருத்தராகக் குழவியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்கள். என் முறை வந்தது. எனக்குப் பின்னால் அம்மா.

குழவியைப் பிடித்துக்கொண்டு நான் கிசுகிசுப்பாகத்தான் சொன்னேன். பயத்தில் அது எனக்குத் தெரியாமல் சத்தமாக வந்துவிட்டது. என் பேர், அப்பா பேர், ஏழாம் வகுப்பு ஆ பிரிவு, எல்லாம் சொன்னேன். "என்ர மூஞ்சியப் பாத்து நம்பீராதே தாயே. இது எங்கம்மா மூஞ்சி. தெரியாம எனக்கு ஒட்டிக்கிச்சு. நான் எங்கப்பா ஆளு. எங்கம்மா ஆளு இல்ல."

சொல்லிவிட்டுத் திரும்பினேன். அம்மா என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த குழவியை வாங்கிக்கொண்டாள்.

பின்னாளில் நான் க்ளீனராக அப்பாவோடு அம்மாவின் மலைக்குப் போனேன். கடைவீதியில் நூறு பேர் என் மூஞ்சியோடு நடந்துகொண்டிருந்தார்கள். பாக்குக் கடைப் பொம்பளை ஒருத்தி என்னைத் தன் ஊர்ப் பையன் என்று நினைத்து அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பேந்தப் பேந்த முழித்தேன். அங்கே பிள்ளைகள் அம்மா குலத்தைத்தான் சேர்வார்கள், அம்மா பேரைத்தான் சுமப்பார்கள் என்று அன்றைக்குத்தான் அப்பா சொன்னார். மிளகாய் அரைத்த கல்லுக்கு முன்னால் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு அந்தக் கடைவீதியில் நிற்கும்போதுதான் விளங்கியது.

கோயிலில் அம்மா குழவியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "வணக்கமுங்க" என்று ஆரம்பித்தாள். "நான் காசிங்க. கங்கைக் காசி இல்லீங்க, மலைக் காசிங்க. இவங்க மூஞ்சி என்னுதுங்க. நாந்தான் குடுத்தனுங்க. தப்பு இருந்தா என்னையப் புடிங்க. எரியறது இங்க எரியட்டுங்க." தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

வரிசையில் இருந்த பொம்பளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். கங்கைக் காசி இல்லை என்று அவள் சொன்னது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. "ஏனுங்க காசிக்காரம்மா, சாமிக்குப் போய் வாங்க போங்கன்னா! அது பெத்த தாயாட்டமுங்க. நீ, வான்னு கூப்புடோணுமுங்க" என்றாள் ஒருத்தி. அம்மா எல்லாருக்கும் பொதுவாகத் தலையை ஆட்டிவிட்டு ஒரே இழுப்பாக அரைத்தாள். எல்லாரையும்விட நீளமான இழுப்பு. எனக்கு அவமானமாக இருந்தது. அம்மன் கோபித்துக்கொண்டிருக்குமோ என்று வேறு பயம் பிடித்துக்கொண்டது.

அதற்கப்புறம் நாளை எண்ணினேன். சோற்றில் காரம் கூடினால் பயம். வெயிலில் முதுகு சுட்டால் பயம். ஒரு நாள் நெஞ்சு எரிந்தது. அது பச்சை மாங்காய் தின்றதால் வந்தது என்று தெரிந்தும் அன்று முழுக்கச் சுவரோரமாகவே நடந்தேன். பத்து நாள் போனது, பதினைந்து நாள் போனது. உடம்பு எரியவில்லை. அம்மனுக்கு ஆள் விளங்கிவிட்டது என்று கொஞ்சம் மூச்சுவிட ஆரம்பித்தேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில் எழுந்தால் கண் திறக்கவில்லை.

இமை ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரைத் தொட்டுப் பிரித்தேன். உள்ளே மிளகாய்ப் பொடியை அள்ளி அப்பினது போல எரிந்தது. அம்மா குடத்தோடு தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். லாரியிலிருந்து அப்பா போட்டுவிட்டுப் போயிருந்த கறுப்புக் கூலிங் கிளாஸ் பெட்டிக்குள் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பஸ்ஸில் அதே கண்டக்டர். முன்னால் வந்து நின்று, "எங்கீங்க தம்பி போகோணும்?" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் எரிச்சல்கூட மறந்துபோனது. பாதி முகத்தை மூடினால் தமிழ்! செத்தாலும் இந்தக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை என்று அந்தப் பஸ்ஸில் நின்றபடி முடிவு செய்தேன். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவது? வாத்தியார் கழற்றச் சொல்வார். கழற்றினால் மிளகாய் யாரைப் பிடித்தது என்று ஆனைமலைக்கே தெரிந்துவிடும். கோயில் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி, வந்த வழியே நடந்து, களத்துக்குப் பின்னால் மலை போலக் குவித்துக் கிடந்த தேங்காய் மட்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டேன்.

மத்தியானம் அம்மா என்னைக் கண்டுபிடித்தாள். மட்டை அள்ள வந்தவள் என் காலைப் பார்த்திருக்கிறாள். என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. தன் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதில் ஒன்றும் இல்லை.

"நான் எடுக்கலம்மா" என்றேன். "தொட்டிக்குப் போனேன். கண்ணாடி பாக்கப் போனேன். கண்ணைப் பெரிசு பண்ணப் போனேன். மூக்குத்திய எடுக்கல."

அம்மா கூலிங் கிளாசைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாங்க. ஒளியாதீங்க. ஒளிஞ்சா திருடங்க" என்றாள்.

களத்துக்கு நடுவில், எல்லார் கண்ணுக்கும் எதிரே, அம்மா எனக்கு ஒரு சாக்கை விரித்து உட்காரவைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் உடைக்க ஆரம்பித்தாள். உடைக்கிற சத்தம் ஒன்றுதான் கேட்டது. மற்றவர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டிருந்தார்கள். ஒருத்தி கிட்டே வந்து குனிந்து, ரொம்ப மரியாதையாக, "எரியுதுங்களா தம்பி?" என்று கேட்டாள். களத்தம்மா வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "வெயில்ல உக்காத்தாதீங்க. நெழலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு நடுங்கியிருக்காது.

அடுத்த நாளும் அம்மா என்னை அங்கேயே கொண்டுவந்து உட்காரவைத்தாள். அதற்கடுத்த நாளும். எல்லாரும் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாலாம் நாள் "எரியுதுங்களா" என்று கேட்டவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். அன்று சாயங்காலம் இன்னும் மூன்று பேர். காவல்காரருக்குப் புரை இல்லாத கண்ணில் வந்தது. இனிமேல் தொட்டிப் பக்கம் யானை போனாலும் அவருக்குத் தெரியாது. சுகாதார நர்சு சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு, இது மெட்ராஸ் ஐ, ஜில்லா முழுக்கப் பரவிக்கொண்டிருக்கிறது, கண்ணை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். களம் முழுக்கச் சிவப்புக் கண். எட்டாம் நாள் களத்தம்மாவுக்கும் வந்தது.

களத்தம்மா சுத்தக்காரர். நர்சு சொன்னபடி மணிக்கு ஒரு தரம் தொட்டிக்குப் போய் முகம் கழுவினார். இன்னும் ஒரு மாசம் வரவேண்டிய சோப்பு அப்படியே கரைந்தது. கண் வலி வந்த மூன்றாம் நாள் கழுவிக்கொண்டிருந்தவர் ஆவென்று அலறினார். கன்னத்தில் ரத்தக் கீறல். கையில் இருந்த சோப்புச் சில்லுக்குள்ளிருந்து எட்டுக்கல் மூக்குத்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கழற்றி டப்பாவுக்குள் போட்டது அவர்தான். அதன் மேல் யாரோ ஈரச் சோப்பை வைத்து நன்றாக அமுக்கி மூடியிருக்கிறார்கள்.

யார் அமுக்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தானே வைத்து மறந்துவிட்டதாகக் களத்தம்மா தலையில் அடித்துக்கொண்டார். நான் சாக்கின் மேல் உட்கார்ந்தபடி என் இரண்டு கட்டைவிரலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மனுக்கு ஆள் தெரியாமல் இல்லை. சரியாகத்தான் வந்திருக்கிறது. இதை நான் இன்றைக்கு வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை பெருமை பேசுகிறவன் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் களத்தம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. கண் இன்னும் சிவந்திருந்தது. மூக்கில் மூக்குத்தி, கையில் எண்ணெய்த் தூக்கு. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, உக்காருங்க" என்றாள்.

களத்தம்மா உட்காரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு, களத்தில் மற்ற பொம்பளைகளை அதட்டுகிற அதே குரலில், "ஏம் புள்ளே, என்ன பாத்துட்டு நிக்கறே? கெளம்பு. அம்மனுக்கு எண்ணெ ஊத்தோணும். உன்ர கையும் பட்டாத்தான் குளிரும். வா புள்ளே" என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மெட்ராஸ் ஐ அவளுக்குக் கடைசிவரை வரவில்லை, அதனால் அது அழுகைதான் என்று எனக்குத் தெரிந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. மூக்குத்தி கிடைத்துவிட்டது. நாங்கள் எடுக்கவில்லை என்று ஆகிவிட்டது. அப்படி இருந்தும் இந்த அம்மா ஊருக்கே காசிக்காரம்மாவாக இருந்தவளைப் பத்தோடு பதினொன்றாக, வா போ என்று கூப்பிடுவதா? ஊரில் எங்களுக்கு இருந்த ஒரே சொத்து அந்த மரியாதை. அதுவும் போயிற்று. அதனால்தானே அம்மா அழுகிறாள்?

நான் நடுவில் போய் நின்றேன். "எங்கம்மாவ வாங்கன்னு சொல்லுங்க" என்று கத்தினேன்.

களத்தம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரு" என்றாள்.

அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் "நீ". ஒரே நாளில் இரண்டு பேருக்கும் மரியாதை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே டிராக்டரில் ஏறினேன். டிரெய்லரில் பொம்பளைகள் நகர்ந்து உட்கார்ந்து அம்மாவுக்கு இடம் விட்டார்கள். யாரோ ஒருத்தி தூக்குப்போசியைத் திறந்து, "இந்தா புள்ளே, தின்னு" என்று புளிச்சோற்றை அவள் கையில் வைத்தாள். அம்மா அழுதுகொண்டே தின்றாள். நான் யார் முகத்தையும் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கோயிலில் களத்தம்மாவும் அம்மாவும் சேர்ந்து எண்ணெயை ஊற்றினார்கள். அம்மா கும்பிட்டாள். "தாயே, நீ பாத்துக்கோ" என்றாள்.

நான் அந்த "ங்க" வருவதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. அழுததில் மறந்துவிட்டாள் என்று நினைத்து, அம்மன் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க, அவளுக்குப் பதிலாக நானே மெதுவாக, "ங்க" என்று சொல்லி முடித்தேன்.